கேமராவுக்குப் போர்த்திய மழைக்கோட்டு

பிப்ரவரி 3

தம்பிக்கு,

கடிதம் என்றால் அன்புள்ள என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அன்பு வராதபோது எப்படித் தொடங்குவது என்பது ஆறாவதில் சொல்லிக் கொடுப்பார்களோ என்னவோ, நான் ஐந்தாவதோடு நின்றவள். அதனால் தம்பிக்கு என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

போன் செய்வதை நிறுத்து. நான் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. எழுதும்போது பொய் சொல்ல நினைத்தால் கையாவது கொஞ்சம் வலிக்கும்.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். போலீஸ் ஸ்டேஷனில் சுண்டுவின் பையை இன்றைக்குத்தான் கொடுத்தார்கள். சீப்பு இருந்தது. வீட்டுச் சாவி இருந்தது. பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், ஊறிப்போய்க் கூழாக இருந்தது. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்திருந்தாள். மழைக்கோட்டு மட்டும் இல்லை.

அந்த நீலக் கோட்டை அன்றைக்குக் காலையில் நான்தான் மடித்துப் பையின் அடியில் வைத்தேன். "அய்யோ அம்மா, மாமா ஷூட்டிங்ல எனக்குக் குடை பிடிக்கவே ஆளு இருக்கும். நான் என்ன சாதாரண ஆளா?" என்றாள். "ஆளு இருந்தா இருக்கட்டும்டி மகாராணி, கோட்டு இருந்தா குறைஞ்சா போயிடுவே?" என்றேன். அவளிடம் கடைசியாக நான் பேசிய பேச்சு அதுதான்.

ஆஸ்பத்திரியில் அவளைக் காட்டியபோது தலையிலிருந்து கால் வரை தொப்பலாக நனைந்திருந்தாள். ஸ்கூட்டர் வழுக்கியதைப் பற்றி எல்லோரும் சொன்னார்கள். மழை பெய்ததைப் பற்றிச் சொன்னார்கள். பையில் கோட்டு வைத்திருந்த பிள்ளை எப்படி நனைந்தாள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கோட்டு எங்கே?

அக்கா

&nbsp;

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதே எனக்குப் போதும். திட்டியாவது எழுதினாயே.

மழைக்கோட்டு கேமராப் பெட்டியோடு வாடகைக் கடைக்குப் போய்விட்டது. வாங்கி அனுப்புகிறேன்.

உன்னிடம் வேறு ஒன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாலு தாள் கிழித்துவிட்டேன். பாட்டு வீடியோ முக்கால்வாசி முடிந்துவிட்டது. சுண்டு அதில் எப்படி இருக்கிறாள் என்று நீ பார்க்க வேண்டும். வீட்டில் அவள் பழகியது உனக்கு ஞாபகம் இருக்கும். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கு வாயசைப்பாள். கேமராவும் இரண்டு மடங்கு வேகத்தில் பிடிக்கும். பிறகு இரண்டையும் மெதுவாக்கினால், உதடு பாட்டோடு சரியாகப் பொருந்தி நிற்கும். ஆனால் முடி பறப்பதும் துணி அலைவதும் மழை விழுவதும் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருக்கும். உலகமே அவளுக்காகக் காத்துக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கிறது, அக்கா. அந்தப் பெண்ணுக்குள்ளிருந்துதான் பாட்டே வருகிறது என்று பார்ப்பவன் நம்புவான்.

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு இது முதல் வேலை. நாலு நிமிடம்தான். வசனம் கிடையாது, கதை சொல்ல நேரம் கிடையாது. ஒரு முகமும் ஒரு நடையும்தான். அது அவளால் நடந்தது.

மழை வந்து நிறுத்தியதால் ஒரே ஒரு ஷாட் பாக்கி. கடைசி ஷாட். அவள் மொட்டை மாடியிலிருந்து வெளிப்படிக்கட்டில் இறங்கிப் போக வேண்டும். முதுகு மட்டும்தான் தெரியும். சுண்டு போட்டு நடித்த மஞ்சள் கவுனை வேறு ஒரு பெண்ணுக்குப் போட்டு எடுத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. அளவெல்லாம் ஒன்றுதான், ஆனால் நடந்ததும் பொய் தெரிந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுண்டு இடது காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைப்பாள், வலது தோளைத் தாழ்த்திக்கொண்டு. அது உன் நடை.

நீ ஒருமுறை நடந்து தர முடியுமா? முகம் வராது. அவள் ஆரம்பித்ததை நாம் முடித்து வைத்த மாதிரி இருக்கும்.

உன் தம்பி

&nbsp;

பிப்ரவரி 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மழைக்கோட்டுக்கு ஒரு வரி, உன் படத்துக்கு மீதித் தாள் முழுக்க.

கேமராப் பெட்டியோடு ஒரு பிள்ளையின் மழைக்கோட்டு ஏன் போக வேண்டும்? நான் படிக்காதவள்தான், மடச்சி இல்லை. நேற்று அந்த மேக்கப் போடுகிற பெண் என்னைப் பார்க்க வந்தாள். அவள் ஸ்கூட்டரில்தானே சுண்டு பின்னால் உட்கார்ந்து வந்தாள். கையில் மாவுக்கட்டு. வாசலிலேயே நின்றாள், உள்ளே வரப் பயம். "நான் மெதுவாத்தான் ஓட்டினேன் அக்கா, சத்தியமா மெதுவாத்தான் ஓட்டினேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

மழை வந்ததும் நீங்கள் எல்லோரும் ஓடிப்போய்க் கேமராவை மூடினீர்களாம். சுண்டுவின் கோட்டை எடுத்துக் கேமராவுக்குப் போர்த்தினீர்களாம். இருந்தது ஒரு கார். அதில் கேமராவும், வாடகைக் கடையிலிருந்து அதோடு காவலுக்கு வந்த ஆளும், பெட்டிகளும் போயினவாம். இவள் கவுனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் துணியில் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டாளாம். கேமராவுக்குக் கார், கேமராவுக்குக் கோட்டு, கேமராவுக்குக் காவல். என் பிள்ளைக்கு மழை.

அந்தக் கேமரா உன்னுடையதுகூட இல்லையே தம்பி. வாடகைக்கு வந்தது. சுண்டு உன் சொந்த அக்கா மகள். நீ மாமன்.

நீ பிறந்தபோதுதான் என் பள்ளிக்கூடம் நின்றது. அம்மா வேலைக்குப் போக, உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. என் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்ததே அதனால்தான். தோளைத் தாழ்த்தி நடக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த நடை எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? உன்னைத் தூக்கி வந்தது. அவள் என்னைப் பார்த்துப் பழகிக்கொண்டாள். இப்போது அந்த நடையையும் உன் படத்துக்குக் கேட்கிறாய்.

இன்னொன்று. அந்த மஞ்சள் கவுனை வேறொருத்திக்கு மாட்டினேன் என்று எழுதியிருக்கிறாய், ஏதோ ஆணியில் தொங்கிய துண்டை எடுத்த மாதிரி. மாட்டுவதற்கு முன்னால் துவைத்திருப்பீர்கள். துவைக்காமல் ஒருத்தி போட மாட்டாள். நான் லாட்ஜின் சலவைக் கிடங்கில் நாளெல்லாம் ஊரான் வேர்வையைத் துவைக்கிறவள். யார் யாரோ படுத்த விரிப்பெல்லாம் என் கையில் வந்துதான் வெளுக்கிறது. என் மகள் வேர்வை பட்ட துணி ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது, அதைத் துவைக்க நீ யாரைக் கேட்டாய்? இங்கே வீட்டில் அவள் துணியெல்லாம் அன்றைக்குக் காலையிலேயே நான் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். சுத்தக்காரி நான். என் கையே எனக்கு எதிரி.

நடக்க மாட்டேன். உன் பாட்டு பாதியில் நிற்கட்டும். எனக்கும் எல்லாம் பாதியில்தான் நிற்கிறது.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 24

அக்கா,

உனக்குத் தெரிந்தது பாதி. மீதியையும் கேள்.

கோட்டை நான் எடுக்கவில்லை. அவளே கழற்றிப் போர்த்தினாள். மழை சடாரென்று இறங்கியது. காவலுக்கு வந்த ஆள் பாலித்தீன் எங்கே என்று கத்துகிறான், யாருக்கும் கை ஓடவில்லை. இவள் ஓடி வந்து, அப்போதுதான் பையிலிருந்து எடுத்து மாட்டிய கோட்டைக் கழற்றி, குழந்தைக்குப் போர்த்துவது போல அதைச் சுற்றினாள். "மாமா, இன்னிக்கு எடுத்ததெல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு? நான் நனைஞ்சா காஞ்சிடுவேன்" என்று சிரித்தாள். கார் போகும்போது "நீயும் ஏறிக்கோ" என்று சொன்னேன். இடமில்லை, பெட்டிமேல் உட்கார முடியாது, பாட்டுப் பாடிக்கொண்டே போய்விடுவோம் என்று அவளே போனாள். நான் இதை எழுதாமல் விட்டது பொய் சொல்ல இல்லை. எழுதினால் பழியை அவள்மேல் போட்ட மாதிரி ஆகும் என்றுதான்.

நான் மட்டும் என்ன சந்தோஷமாகவா இருக்கிறேன்? எடிட்டிங் அறையில் அவள் முகத்தை நாள் முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு டேக்கும் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். என்ன சொன்னாள் என்று கேட்க முடியாது. மெதுவாக ஓடப் பிடிக்கும்போது கேமரா சத்தத்தை எடுக்காது. அதற்குக் கண் மட்டும்தான், காது கிடையாது. அவள் பேச்சு ஒரு சொல்கூட என்னிடம் இல்லை. இருப்பது பாட்டுக்காரியின் குரல் மட்டும்தான்.

பாட்டுக்குப் படம் எடுப்பதை நீயும் எல்லோரையும் போல ஆட்டம் பாட்டம் என்று நினைக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. அவளும் அப்படி நினைக்கவில்லை. அந்தப் படிக்கட்டு ஷாட்டுக்காக அவள் முதல் நாள் தனியாக வந்து பத்து இருபது தரம் ஏறி இறங்கிப் பார்த்தாள். கேட்டால் "கடைசில பாக்கறவங்க என்னைப் போகவிடக் கூடாதுன்னு நினைக்கணும் மாமா" என்றாள்.

கோட்டை வாங்கிவிட்டேன். பார்சலில் வரும். இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். கவுனை அந்தப் பெண்ணுக்கே மறுபடி போட்டு எப்படியாவது முடிக்கிறேன்.

தம்பி

&nbsp;

மார்ச் 2

தம்பிக்கு,

கோட்டு வந்து சேர்ந்தது. இயந்திர எண்ணெய் வாடை அடிக்கிறது. காலர் உள்பக்கம் அவளுடைய நீள முடி ஒன்று இருந்தது. எடுக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

அவளே கழற்றிப் போர்த்தினாள் என்கிறாய். நம்புகிறேன். அவள் அப்படித்தான் செய்வாள். ஆனால் நீ பெரியவன். "கேமரா கெட்டா கெட்டுப் போகட்டும், நீ போட்டுக்கோடி" என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததா? வந்திருந்தால் எழுதியிருப்பாய். காரில் ஏறிக்கொள் என்றாயாம். பெட்டியை இறக்கிவிட்டு ஏறு என்று சொன்னாயா? அதுவும் இல்லை.

நான் வந்து நடக்கிறேன். உடனே உன் கலைக்கு மனமிரங்கினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தக் கவுனை இன்னொரு முறை இன்னொருத்தி போடக் கூடாது. அதற்காகத்தான். நான் போடுகிறேன், நடக்கிறேன், பிறகு அது என்னோடு வீட்டுக்கு வரும். இதற்குச் சம்மதமானால் மட்டும் நாள் எழுது.

கவுனைப் பிரித்துத் தைக்க வேண்டும் என்று யாரையும் ஏற்பாடு செய்யாதே. அவள் அளவுக்கு இளைத்துவிட்டேன்.

முகம் வராது என்று சொல்லியிருக்கிறாய். ஞாபகம் வைத்துக்கொள்.

அக்கா

&nbsp;

மார்ச் 14

தம்பிக்கு,

நேற்று ஒரு வார்த்தையும் பேசாமல் வந்துவிட்டேன் என்று உன் ஆட்களுக்கெல்லாம் வருத்தமாக இருக்கும். பேசியிருந்தால் இன்னும் வருத்தமாக இருந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

ஒரு கைக்கட்டோடு அந்த மேக்கப் பெண்தான் எனக்குத் தலை வாரினாள். என் நரையை மறைக்க மை தடவினாள். சுண்டுவுக்குப் பின்னிய விதத்திலேயே பின்னலையும் பின்னினாள். கண்ணாடி இல்லாத பக்கமாகப் பார்த்து என்னை உட்கார வைத்தாள், நல்ல மனசு. "கழுத்தைக் கொஞ்சம் நிமித்துங்கக்கா. அவ இப்படித்தான் உக்காருவா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாடியில் நீ ஏதேதோ விளக்கினாய். மழை நிஜமில்லை, குழாயிலிருந்து வரும் என்றாய். இதில் உதடு தெரியாது, அதனால் நாலு மடங்கு மெதுவாக ஓடும் என்றாய், நான் தலையாட்டினேன். குழாயைத் திறந்ததும் இரண்டு பேர் குடையோடு ஓடினார்கள். எனக்குத்தான் வருகிறார்கள் என்று பைத்தியக்காரி மாதிரி ஒதுங்கி நின்றேன். அவர்கள் என்னைத் தாண்டிக் கேமராவுக்குப் பிடித்தார்கள். நனைவதற்காகத்தானே என்னை நிறுத்தியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கிறது.

பிறகு அந்தப் பாட்டைப் போட்டாய், அதே அசுர வேகத்தில். அவள் வீட்டில் பழகும்போது அடுப்படிவரை கேட்கும். "எலி புகுந்துடுச்சா வீட்டுல?" என்பேன். அவள் இன்னும் வேகமாக வாயை அசைத்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வருவாள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கால் எந்தப் படியில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து நீ கத்தினாய். "சுண்டு, நட!"

நான் திரும்பிப் பார்த்தேன்.

நீ வேண்டுமென்றே கூப்பிட்டாயா? மனசாட்சியைத் தொட்டுச் சொல். நடிக்கத் தெரியாதவர்களை அழவைக்க நீங்கள் இந்த மாதிரி ஏதாவது செய்வீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். திரும்பின பிறகு அங்கே யாரும் இல்லை. நீயும் கேமராவும் குடை பிடித்தவர்களும்தான். யாரும் கட் சொல்லவில்லை. நீங்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டீர்கள். ஆனால் கேமரா நிற்கவில்லை, அதையும் பார்த்தேன்.

பிறகு இன்னொரு தரம் ஒழுங்காக நடந்து கொடுத்தேன், திரும்பாமல். அதை வைத்துக்கொள். முதலில் எடுத்ததை வெட்டி எறி. அந்த முகம் உனக்குக் காட்டிய முகம் இல்லை.

கீழே வந்தபோது "கார் இருக்கு அக்கா, கார்ல போ" என்று பின்னாலேயே வந்தாய். இந்தத் தடவை காரில் இடம் இருந்தது. நான் ஈரக் கவுனோடு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் "என்னம்மா, எங்க மழை?" என்று கேட்டான். எங்க மழை என்று நான் எதைச் சொல்வேன்?

அக்கா

&nbsp;

மார்ச் 22

அன்புள்ள அக்கா,

வேண்டுமென்று கூப்பிடவில்லை. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். அந்தப் படிக்கட்டு, அந்தப் பின்னல், அந்த முதுகு. மூன்று நாள் அவளை வைத்து எடுத்தபோது ஒவ்வொரு டேக்குக்கும் "சுண்டு, நட" என்றுதான் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு கணம் அவள் போனது எனக்கு மறந்தே போய்விட்டது, அக்கா. நீ திரும்பியபோதுதான் ஞாபகம் வந்தது. என்னால் ஏன் கட் சொல்ல முடியவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.

நீ வெட்டச் சொன்ன ஷாட்டை வெட்டத்தான் உட்கார்ந்தேன். ஓட்டிப் பார்த்தேன். நீ திரும்பியது நிஜத்தில் ஒரு மூச்சு நேரம். நாலு மடங்கு மெதுவாக ஓடும்போது பாட்டின் கடைசி வரி முழுக்க அதுவே நிற்கிறது. முதுகைப் பார்க்கும்போது சின்னப் பெண். மெல்லத் திரும்பத் திரும்ப அவளுக்கு வயதாகிறது. முகம் முழுசாக வரும்போது அது நீ. அந்த முகத்தில் அழுகை இல்லை. நான் என்ன எழுதினாலும் அதற்கு ஈடாகாது. பாட்டுக்காரி பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்து, "இதுக்கு மேல என் பாட்டு எதுக்குங்க?" என்றாள்.

இரண்டு விதமாகவும் முடித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் நீ திரும்பாமல் இறங்கிப் போகிறாய், ஒன்றில் திரும்புகிறாய். உன்னோடு சலவையில் விரிப்பு மடிக்கிற அம்மாவின் போனுக்கு இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். நீ வெட்டு என்றால் வெட்டிவிடுகிறேன், யாருக்கும் காட்ட மாட்டேன். இந்த ஒரு தடவை நீ சொல்வதுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். திரும்பும்போது உன் உதடு அசைகிறது. ஏதோ சொல்கிறாய். வாயசைப்பைப் பார்த்தே பிழைக்கிறவன் நான், எனக்கு இதைப் படிக்க முடியவில்லை. மழைத்தண்ணீர் உதட்டில் வழிகிறது. கேமராவிலும் சத்தம் இல்லை. என்ன சொன்னாய்? அந்தப் படத்தை வைத்துக்கொள்ளலாம் என்றால், நீ சொன்னதைக் கீழே எழுத்தில் போட்டுவிடலாம். அதோடு பாட்டு முழுமையாகிவிடும்.

தம்பி

&nbsp;

மார்ச் 30

தம்பிக்கு,

கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். சலவை மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, பாட்டு அரைகுறையாகத்தான் கேட்டது. மடிப்புக்கார அம்மா போனை விரிப்புக் கட்டின்மேல் சாய்த்து வைத்தாள். இரண்டு பேரும் நின்றபடியே பார்த்தோம்.

சுண்டு அழகாக இருக்கிறாள். அதை நீ செய்திருக்கிறாய், இல்லை என்று சொன்னால் என் வாய் வெந்துவிடும். முடி பறந்து இறங்க அவ்வளவு நேரம் எடுக்கிறது. மழைத்துளி அவள் கன்னத்துக்கு வருவதற்குள் நாம் துடைத்துவிடலாம் போல இருக்கிறது. ஆனால் அவள் வாயைத் திறந்தால் வேறு ஒருத்தியின் குரல் வருகிறது. அந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை. "உன் பொண்ணு என்னமா பாடுது!" என்றாள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒருத்தரிடம் விளக்க ஆரம்பித்தால் எல்லோரிடமும் விளக்க வேண்டும்.

முதலில் திரும்பாமல் போகிறதைப் பார்த்தோம். அவள் "நடை அப்படியே உம் பொண்ணுதான்" என்றாள். பிறகு மற்றதைப் பார்த்தோம். முகம் வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மணி அடித்துவிட்டது, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து மீதி விரிப்பை மடித்தோம்.

வெட்டு என்றுதான் உனக்கு எழுதினேன். வெட்டு என்றுதான் பார்க்கும்வரை நினைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன், வெட்டாதே. நீ கலை என்று சொல்கிறாயே, அதற்காக இல்லை. அந்தப் படத்தில் திரும்புகிறவளுக்கு இன்னும் மகள் இருக்கிறாள். பாட்டின் கடைசி வரி முடிகிறவரை இருக்கிறாள். அதை வெட்டச் சொல்ல எனக்குக் கை வரவில்லை.

அவள் நினைவாக என்று பெயர் கியர் எதுவும் போடாதே. என் பெயரும் வேண்டாம். ஊர் பார்த்து உன்னை மெச்சட்டும். நீ மெச்சப்பட வேண்டியவன்தான். மாமனாகத்தான் நீ ஒன்றுக்கும் ஆகவில்லை.

கவுனை நான் துவைக்கவில்லை. குழாய்த் தண்ணீர் காய்ந்து மடமடவென்று இருக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்டாய். சொல்கிறேன், ஆனால் அதைப் படத்தில் எழுதாதே. பாட்டுக்காரியிடமும் சொல்லாதே. பார்க்கிறவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு ஏதாவது நினைத்துக்கொண்டு அழுதுவிட்டுப் போகட்டும். உன் கேமராவுக்குத்தான் காது இல்லையே, அவர்களுக்கு அது ஊமைப்படமாகவே இருக்கட்டும். நீ ஒருவன் மட்டும் சத்தத்தோடு பார். எத்தனை பேர் கை தட்டினாலும், அந்த இடம் வரும்போதெல்லாம் உனக்கு அது கேட்கட்டும்.

நீ கூப்பிட்டதும் அவள்தான் எனக்குப் பின்னால் வருகிறாள் என்று நினைத்தேன். குழாய் மழை என்பதெல்லாம் மறந்துவிட்டது. அவள் வேலை முடிந்து மழையில் வரும் நாளெல்லாம் கதவைத் திறந்ததும் கேட்பேனே, அதைத்தான் கேட்டேன்.

"நனைஞ்சிட்டியாடி?"

அக்கா